கண்டதை மட்டும் சொன்னவர்

"நீர் கண்டனீரோ?"

இந்த ஒரு கேள்வியை வைத்துக்கொண்டு அந்த மனுசன் எத்தனை தரம் என் வாயை அடைத்திருப்பார் என்று நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும். மூன்றாம் மாடிக்காரி புருசனோடு சண்டை பிடித்துக்கொண்டு தாய் வீட்டுக்குப் போய்விட்டாளாம் என்று ஆசையாகச் சொல்ல வந்தால், "நீர் கண்டனீரோ?" பாண் விலை கூடப் போகிறதாம் என்றால், "ஆர் கண்டது?" எனக்கோ வாய் சும்மா இருக்காது. நாள் முழுக்கக் காது கேளாத ஒரு கிழவியோடு இருந்துவிட்டுக் கீழே இறங்கி வருகிறவள் நாலு கதை கதைக்காமல் வேறென்ன செய்வாள்?

இத்தாலியின் தெற்குத் தீவில், பலெர்மோவில், பொலிதேயாமா அரங்கத்துக்குப் பின்தெருவில் ஐந்து மாடிக் கட்டடம். நாலாம் மாடியில் ஒரு வயதான சினோராவைப் பார்க்கிற வேலை எனக்கு. கீழே வாசலோடு ஒரு கண்ணாடிக் கூடு. அதற்குள் அவர். அந்தக் கட்டடத்தின் போர்த்தியேரே: காவலும் அவர்தான், படி கூட்டுகிறவரும் அவர்தான், கடிதம் வாங்கி வைக்கிறவரும் அவர்தான். கூட்டுக்குப் பின்னால் இரண்டு சின்ன அறைகள், அதுதான் வீடு. அவர் வன்னி ஆள், சைவம். நான் மன்னார், வேதக்காரி. இரண்டு பேருக்கும் ஒத்துவந்தது தேத்தண்ணி ஒன்றுதான். நான் பால் விட்டுக் குடிப்பேன், அவர் வெறுந்தேத்தண்ணி.

பெயர் சொல்ல மாட்டேன். சொன்னது தெரிந்தால் கோபிப்பார். நான் அவருக்கு வைத்த பட்டம் தோமையார். ஆண்டவர் உயிர்த்துவிட்டார் என்று பத்துப் பேர் வந்து சொல்லியும், காயத்துக்குள் விரலை விட்டுப் பார்த்தால்தான் நம்புவேன் என்று நின்றாரே அந்த அப்போஸ்தலர், அவர்தான். "இஞ்சை வந்தும் திருந்தாத தோமையார்" என்று முகத்துக்கு நேரேயே சொல்லுவேன். சிரிக்க மாட்டார். "அவர் கேட்டதிலை என்ன பிழை, தங்கச்சி?" என்பார்.

ஒருமுறை பெரிய வாசல் கதவின் கண்ணாடி உடைந்து கிடந்தது. பழைய காலத்துப் பூ வேலை செய்த கண்ணாடி. இரண்டாம் மாடி வக்கீல் காலையிலேயே இறங்கி வந்து, முதலாம் மாடியில் வாடகைக்கு இருக்கிற படிக்கிற பெடியன்தான் உடைத்தது, நீ அப்படிச் சொல்லு என்று இவரிடம் சொன்னான். கேட்கவில்லை, சொன்னான். கட்டடத்துக் கூட்டத்தில் அவன் கைதான் ஓங்கியது. இவருடைய வேலையும் அந்த இரண்டு அறையும் அவன் ஒரு சொல்லில் போகும். இவர் விளக்குமாற்றைப் பிடித்தபடி நின்று, தனக்குத் தெரிந்த அரைகுறை இத்தாலியனில், "நோன் விஸ்தோ" என்றார். காணேல்லை. வக்கீல் கத்தினான். மறுபடியும் "நோன் விஸ்தோ". நான் படியில் நின்று கையால் சைகை காட்டுகிறேன், தலையை ஆட்டிவிட்டுப் போங்கோ மனுசா என்று. மனுசன் அசையவில்லை. கண்ணாடியை யார் உடைத்தது என்று கடைசிவரை ஒருவருக்கும் தெரியவில்லை. இவரும் இன்னொரு நாள் அதைப்பற்றி வாய் திறக்கவில்லை.

நல்ல குணம் என்றுதான் அப்போது நினைத்தேன். கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

எங்கள் சனத்துக்குக் கிடைக்கிறது ஒரு ஞாயிறு. பூசைக்குப் போவார்கள், வியா மக்வேதாவில் கடை கடையாக ஏறி இறங்குவார்கள், கால்சாவில் புல்லுத் தரையில் இருந்து சோறு சாப்பிடுவார்கள். இவர் மாதத்தில் ஒரு ஞாயிறு விடிய முதல் பஸ்ஸில் ஏறிவிடுவார். பாணும் முட்டைப் பொரியலும் ஒரு பையில், தண்ணீர்ப் போத்தல் ஒன்று. எங்கே போகிறார் என்று கேட்டால், "ஒரு இடம் பாக்கப் போறன்" என்பார். போய் வந்த இடங்களைக் கேட்டால் தலையில் அடித்துக்கொள்ள வேண்டியதுதான். மாதா கோயில் இல்லை, மாளிகை இல்லை, குளிக்கிற கடற்கரை இல்லை. கறுத்த கல்லு. வெள்ளை மண். சேறு.

"சேறு பாக்கப் போக வர நாலு மணித்தியாலம் பஸ்ஸிலை இருக்கிறியளோ? உங்கடை ஊரிலை இல்லாத சேறோ?"

"இது வேறை சேறு, தங்கச்சி. கொதிக்குது. ஆனால் குளிர்."

நம்பவில்லை. கிண்டல் பண்ணத்தான் ஒருமுறை கூடப் போனேன். தீவின் நடுப்பகுதியில், கல்தானிசெத்தா ஊருக்கு வெளியே, ஒரு மரம் மட்டை இல்லாத சாம்பல் மேடு. ஏறி நின்று பார்த்தால் நிலமெல்லாம் வெடித்துக் கிடக்கிறது. இடையிடையே முழங்கால் உயரத்துக்குச் சின்னச் சின்ன மலைகள். ஒவ்வொன்றின் உச்சியிலும் ஒரு குழி, குழிக்குள் சேறு குமிழி விட்டுக்கொண்டே இருக்கிறது, அடுப்பில் களி கிண்டுகிற மாதிரி. பயந்து பயந்து விரலை வைத்தேன். சில்லென்று இருந்தது.

நான் வாயைத் திறக்க முந்தியே அவர் போனை எடுத்துவிட்டார். வவுனியாவில் மகள். அங்கே பின்னேரம்.

"பிள்ளை, இப்ப நான் நிக்கிற இடத்தைச் சொல்லுறன், கேள். மண் சாம்பல் நிறம், ஆனா முழுச் சாம்பல் இல்லை, கொஞ்சம் நீலம் கலந்தது. என்ரை சப்பாத்து அரை விரல் புதையுது. இடது பக்கம் ஒரு குமிழி. எண்ணிப் பாத்தனான், பதினொண்டு எண்ண ஒருக்கா வெடிக்குது. வெடிக்கேக்கை சத்தம் சின்னதாத்தான் வருது, ஆரோ வாய்க்குள்ளை தண்ணி வைச்சுக் கொப்பளிக்கிற மாதிரி."

முக்கால் மணி நேரம். நான் ஒரு கல்லில் குந்தியிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன். என்னோடு நாலு சொல் சேர்ந்தாற்போல் கதைக்காத மனுசன், அந்தச் சேற்றின் ஒவ்வொரு வெடிப்பையும் சொன்னார். மகள் கேள்வி கேட்கிறாள், இவர் நடந்து போய்ப் பார்த்துவிட்டு வந்து பதில் சொல்கிறார். மணம் என்ன என்று கேட்டாள் போல. குனிந்து மணந்து பார்த்து, "மண்ணெண்ணெய் கொஞ்சம் தெளிச்ச மாதிரி" என்றார்.

"படம் எடுத்து அனுப்பினா ஒரு நிமிசத்திலை முடியிற வேலை" என்றேன், போனை வைத்த பிறகு.

"அதுதான் அனுப்புறேல்லை" என்றார்.

திரும்பி வருகிற பஸ்ஸில்தான் மிச்சத்தைச் சொன்னார். மகளுக்கு ஒன்றரை வயதாக இருக்கும்போது இத்தாலிக்கு வந்தவர். பெர்மெஸ்ஸோ, இங்கே இருக்க விடுகிற அனுமதித் தாள், கையில் கிடைக்க எட்டு வருடம். அது கிடைத்துத்தான் ஊருக்குப் போக முடிந்தது. அதற்குள் போர் முடிந்து, மனைவி காணாமல் போய், பிள்ளை இவருடைய தமக்கையோடு, தன் மாமியோடு, வவுனியாவில் வளர்ந்துகொண்டிருந்தாள். மூன்று கிழமை லீவில் இரண்டு கிழமை மனைவியின் படத்தோடு அரசாங்கக் கந்தோர் கந்தோராக அலைந்தார். மிச்சம் ஒரு கிழமை மகள் மாமியின் பின்னால் ஒளிந்துகொண்டு நின்றாள். வந்த விருந்தாளியோடு கதைக்கிற மாதிரி, கேட்டதுக்கு மட்டும் பதில்.

"இஞ்சை வந்து போன் எடுத்தால், சாப்பிட்டியோ? ஓம். படிச்சியோ? ஓம். பிறகு இரண்டு பேரும் மூச்சு விடுறதைக் கேட்டுக்கொண்டு நிப்பம். ஒருநாள் பஸ் மாறி ஏறித் திராப்பனி உப்பளத்திலை போய் இறங்கிட்டன். தண்ணி ரோஸ் நிறம், தங்கச்சி. சும்மா அதைச் சொன்னன். 'அப்பா, ஏன் ரோஸ்?' எண்டு கேட்டாள். அண்டைக்குத்தான் முதல் முதல் அவளா ஒரு கேள்வி கேட்டது."

நான் வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன்.

அதன்பிறகு நான் அவரைக் கிண்டல் பண்ணுவது கொஞ்சம் குறைந்தது. முழுக்க நின்றுவிட்டது என்று சொன்னால் பொய். எத்னா எரிமலைக்கு ஒரு ஞாயிறு போய், முகிலுக்குள் அகப்பட்டு, ஒன்றையும் காணாமல் திரும்பி வந்தார். மலையடியில் நின்றவர், "பிள்ளை, மலை காணேல்லை. காலுக்குக் கீழை கறுப்புக் கல்லு மட்டும் கண்டனான்" என்று மகளுக்குச் சொல்லியிருக்கிறார். "அப்ப மலை இருக்கோ இல்லையோ?" என்று அவள் கேட்க, "தெரியாது, திருப்பிப் போய்ப் பாத்துச் சொல்லுறன்" என்றாராம். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். உலகம் முழுக்கத் தெரிந்த எரிமலை! இரண்டாம் தரம் போனார், அன்றைக்கும் முகில். மூன்றாம் தரம் போய், கண்டு, சொன்ன பிறகுதான் அவர் வீட்டில் எத்னா மலை இருக்கிற மலையானது.

பலெர்மோவைக் காக்கிற புனிதை ரொசாலியா அம்மாவின் குகைக்கு எங்களோடு வெறுங்காலோடு ஏறுவார். பெல்லெகிரீனோ மலையில் எங்கள் சனம் சைவம் வேதம் பாராமல் ஏறுகிறதுதான். குகைக் கூரையிலிருந்து ஒழுகுகிற தண்ணீரைத் தகரப் பீலி வைத்துப் பிடித்திருப்பார்கள், அது நோய் தீர்க்கும் தண்ணீர். நான் அம்மா செய்த அற்புதங்களை, எங்கள் பேச்சில் புதுமைகளை, ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வருவேன். அவர் அண்ணாந்து பார்த்துக்கொண்டே நிற்பார். "புதுமை நான் காணேல்லை. கல்லிலை இருந்து தண்ணி வருது, அதைக் கண்டனான்." பிறகு அந்தத் தண்ணீரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார். எனக்கு அந்த ஆளை விளங்கவே விளங்காது.

அவருடைய அறையில் மனைவியின் படம் இருந்தது. சுவரில் மாட்டி, மாலை போட்டு, விளக்குக் கொளுத்தி வைத்த படம் இல்லை. முகம் பார்க்கிற கண்ணாடியின் ஓரத்தில், சீப்புக்குப் பக்கத்தில் செருகியிருந்தது, வேலைக்குப் போயிருக்கிற ஆளின் படம் மாதிரி. ஒவ்வொரு வருடமும் தமக்கை போன் எடுத்து, "தம்பி, திவசம் ஒண்டு செய்வமடா" என்று அழுவா. "நான் காணேல்லை அக்கா" என்று வைத்துவிடுவார்.

இந்தக் குணம்தான் கடைசியில் பிள்ளையின் தலையில் வந்து விழுந்தது.

மகளை இத்தாலிக்கு எடுக்கிற அலுவலை நான்தான் பிடித்து நடத்தினேன். எங்கள் சனத்துக்குத் தாள் நிரப்பிக் கொடுக்கிற வாய்க்காரி நான்தானே. வருமானம் சரி, வீடு சரி, பெர்மெஸ்ஸோ சரி. கடைசியில் கந்தோரில் இருந்த பெண்பிள்ளை பேனையை வைத்துவிட்டுக் கேட்டாள், தாயின் சம்மதம் எங்கே? தாய் இல்லையென்றால் மரணச் சான்றிதழ் எங்கே? இரண்டில் ஒன்று வேண்டும். விண்ணப்பம் போடுகிற அன்றைக்குப் பிள்ளைக்குப் பதினெட்டு ஆகியிருக்கக் கூடாது. ஆகிவிட்டால் இந்த வழி அடைபட்டது.

அப்போது மாசி மாதம். பிள்ளைக்கு ஐப்பசியில் பதினெட்டு. அங்கே மாமிக்குச் சிறுநீரகம் பழுதாகி, கிழமைக்கு இரண்டு நாள் ஆஸ்பத்திரி. மாமியை விட்டால் அந்தப் பிள்ளைக்கு அங்கே ஆருமில்லை.

ஊரில் அதற்கொரு வழி இருந்தது. காணாமல் போனவர் இறந்துவிட்டார் என்று நம்புகிறேன் என்று நெருங்கிய உறவு எழுதிக் கையெழுத்து வைத்தால் சான்றிதழ் கொடுப்பார்கள். அதை வாங்க மாட்டோம் என்று படத்தைப் பிடித்துக்கொண்டு தெருவோரத்தில் இருக்கிற தாய்மார் எத்தனையோ பேர். அவர்களைப் பற்றி நான் ஒரு சொல்லும் சொல்ல மாட்டேன், எனக்கு அந்த உரிமை இல்லை. ஆனால் இங்கே உயிரோடு ஒரு பிள்ளை காத்திருக்கிறாள்.

தாளைக் கொண்டுபோய்க் கண்ணாடிக் கூட்டுக்குள் வைத்தேன். முழுக்க வாசித்தார். இரண்டு தரம் வாசித்தார்.

"இதிலை நம்புறன் எண்டு எழுதக் கிடக்கு. நான் நம்பேல்லையே, தங்கச்சி."

"நம்பாட்டிலும் போடுங்கோ, அண்ணை."

"அப்ப பொய்."

"ஆருக்குப் பொய்? ஒரு தாளுக்குத்தானே?"

தாளை நாலாக மடித்தார். "நாளைக்கு அவள் வந்து இந்தக் கதவிலை தட்டினால், உன்னைச் செத்தவள் எண்டு எழுதிக் குடுத்தது நான்தான் எண்டு எந்த முகத்தோடை சொல்லுறது?"

பங்குனி போனது. சித்திரை போனது. கேட்கும்போதெல்லாம், "வாற கிழமை பாப்பம்." எனக்குப் பொறுமை என்பது பிறவியிலேயே இல்லை. ஒருநாள் எல்லாம் சேர்ந்து வெடித்துவிட்டது. "செத்தவளுக்குக் கதவைத் திறந்து வைச்சுக்கொண்டு, உயிரோடை இருக்கிறவளை வெளியிலை நிப்பாட்டி வைச்சிருக்கிறியள்! நீங்களும் ஒரு தகப்பனோ?"

சொல்லி முடிக்க முந்தியே நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவர் எழும்பினார். சத்தம் போடவில்லை.

"நீர் கண்டனீரோ?" என்றார். "அவள் செத்ததை, நீர் கண்டனீரோ?"

மூன்று கிழமை என்னோடு கதைக்கவில்லை. நான் கொண்டுபோய் வைத்த தேத்தண்ணி ஆறிப்போய் அப்படியே இருக்கும். பிழை என்னில்தான். மன்னிப்புக் கேட்கிற புத்தி வரவில்லை, வேறு புத்தி வந்தது. மகளின் நம்பர் என்னிடம் இருந்தது. அவருக்குத் தெரியாமல் எடுத்தேன். நீ அழுது கேட்டால் கொப்பர் இறங்குவார் பிள்ளை, கேள் என்று சொல்லத்தான் எடுத்தேன்.

நான் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டாள்.

"அன்ரி, நான் கண்டனான்" என்றாள்.

"என்னத்தை அம்மா?"

"அம்மாவை. நான் பக்கத்திலைதான் நிண்டனான்."

மூன்றாம் மாடிக்கும் நாலாம் மாடிக்கும் இடையில் படியிலேயே குந்திவிட்டேன். அவளுக்கு அப்போது ஐந்து வயது. கடைசிச் சண்டையில் சனத்தோடு களப்புத் தண்ணீரைக் கடந்து கரைக்கு வந்த பிறகு மாமி அவள் வாயைப் பொத்தி, அப்பாவுக்குச் சொல்லிப்போடாதை, அவர் அங்கை தனிய, தாங்க மாட்டார் என்று சொல்லியிருக்கிறா. தம்பிக்கு, சனத்துக்குள் கைதவறிக் காணாமல் போய்விட்டாள் என்று ஒரு கதை. அந்த மனுசி திவசம் செய்வம் என்று வருடா வருடம் அழுதது ஏன் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"ஏன் பிள்ளை இவ்வளவு காலமும் சொல்லேல்லை?"

"அப்பா ஒவ்வொரு முறையும் ஒரு புது இடத்திலை நிண்டு சந்தோசமாக் கதைப்பார். அதுக்குள்ளை எப்பிடி அன்ரி இதைச் சொல்லுறது? கேட்டால் சொல்லலாம் எண்டுதான் இருந்தனான். தான் கண்டதெல்லாம் சொன்னார். நீ என்ன கண்டனி எண்டு என்னை ஒருநாளும் கேக்கேல்லை."

இரண்டு நாள் யோசித்தேன். நானாகப் போய்ச் சொல்லலாம். சொன்னால் என்ன கேட்பார் என்று தெரியும்தானே. மூன்றாம் நாள் காலை அவர் படி துடைத்துக்கொண்டிருந்தார். நான் கீழே இறங்கிப் போய் அவருக்கு ஒரு படி மேலே நின்றேன்.

"அண்ணை, அண்டைக்குச் சொன்னது பிழை. மன்னியுங்கோ. ஒண்டே ஒண்டு சொல்லிட்டுப் போறன். பிள்ளையிட்டைக் கேளுங்கோ."

"என்னத்தை?"

"அவள் என்ன கண்டவள் எண்டு."

துடைத்த படியையே மறுபடி துடைத்தார். "அவள் அப்ப குழந்தை."

"ஐஞ்சு வயசுக்குக் கண் தெரியாதோ, அண்ணை?"

நிமிர்ந்து பார்க்கவில்லை. நாலைந்து தரம் அதே படியைத் துடைத்தார். அன்றைக்குத்தான் எனக்கு ஒன்று விளங்கியது. மனுசனுக்குச் சந்தேகம் இருந்ததோ, அதனால்தான் இத்தனை வருடமும் அவளிடம் கேட்காமலே விட்டாரோ? கேட்டு, அவள் சொல்லிவிட்டால் பிறகு நம்பத்தானே வேண்டும்.

பின்னேரம் கீழே இறங்கும்போது கூட்டுக்குள்ளிருந்து கூப்பிட்டார். "வாற ஞாயிறு திராப்பனி போறன். நீரும் வாரும்."

வைகாசிக் கடைசி. உப்பளம் முழுக்கப் பாத்தி பாத்தியாகத் தண்ணீர். ஒன்று பச்சை, ஒன்று சாம்பல், தூரத்தில் இருக்கிறது ரோஸ் நிறம். போன வருடத்து உப்பைக் குவித்து, மழை படாமல் ஓடு வேய்ந்து வைத்திருந்தார்கள். பாத்திக்கும் கடலுக்கும் இடையில் ஒரு ஒடுங்கின வரம்பு, இரண்டு பக்கமும் தண்ணீர். அதில் கொஞ்சத் தூரம் நடந்து போய் நின்றார். நான் பின்னால் தள்ளி நின்றேன். போனை எடுத்தார்.

"பிள்ளை, நான் உப்பளத்திலை நிக்கிறன். இண்டைக்கு நான் சொல்லேல்லை. நீ சொல்லு." கொஞ்சம் நிறுத்தி, "அம்மாவைக் கடைசியாக் கண்ட இடத்தைச் சொல்லு" என்றார்.

அவள் சொன்னது எனக்குக் கேட்கவில்லை. அவர் கேட்டதுதான் கேட்டது.

"ம்... களப்புக் கரை. ம்... மணல் என்ன நிறம்? ... தண்ணி எவ்வளவு? ... மாமியின்ரை இடுப்பளவோ? ... அப்ப உன்னை ஆர் தூக்கி வைச்சிருந்தது? ... ம். ... அம்மா உனக்கு எந்தப் பக்கம்? ... அவ என்ன சட்டை? ... பச்சை. ஓம், அது நான் அனுப்பினது. ... ம். ... சத்தம் முதலோ, விழுந்தது முதலோ? ... முகம் எந்தப் பக்கம் பாத்தபடி? ... கண்?"

போனை மற்றக் காதுக்கு மாற்றினார்.

"ஆர் மூடினது? ... மாமியோ. ... ம். நீ தொட்டனியோ? ... எப்பிடி இருந்தது? ... ம். ... ஓம் பிள்ளை. ஓம். கேக்குது. சொல்லு, நான் நிக்கிறன்."

அவள் ஒவ்வொரு முறையும் இவரிடம் கேட்கிற கேள்விகள்தான் அவை. நிறம் என்ன, ஆழம் எவ்வளவு, எந்தப் பக்கம், எப்படி இருந்தது. எல்லாம் இவர் பழக்கி விட்டவை. பிள்ளையும் ஒன்றும் விடாமல் சொல்லியிருப்பாள். நான் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு நின்றேன்.

போனை வைத்துவிட்டு அந்த வரம்பிலேயே இருந்தார். கிட்டப் போனேன். முகம் முழுக்க நனைந்திருந்தது, துடைக்கவில்லை.

"கண்டவள், தங்கச்சி" என்றார். "என்ரை பிள்ளை கண்டவள்."

அடுத்த நாள் தாளை விரித்து வைத்து எழுதினார். இறந்துவிட்டார் என்று நம்புவதற்குக் காரணம் என்ன என்று அதில் மூன்று வரி இடம் விட்டிருந்தது. "எனது மகள் கண்டாள்" என்று எழுதிவிட்டுப் பேனையை மூடினார். இன்னும் கொஞ்சம் விவரமாக எழுதுங்கோ, அங்கே கேட்பார்கள் என்றேன். போதும் என்றார். பிறகு கண்ணாடி ஓரத்திலிருந்த படத்தை எடுத்து, கடைக்குப் போய்ச் சட்டம் போட்டுக்கொண்டு வந்து சுவரில் மாட்டினார். நான் மெழுகுதிரி கொண்டுபோனேன். விளக்கு இருக்கு என்றார், ஆனால் மெழுகுதிரியையும் கொளுத்தினார்.

அந்தச் சான்றிதழ் வர எடுத்த நாட்களில் நான் ரொசாலியா அம்மாவிடம் எத்தனை தரம் ஏறினேன் என்று எனக்கும் அம்மாவுக்கும்தான் தெரியும். மாமி ஏலாத உடம்போடு கந்தோர் படி ஏறி, தானும் கண்டதைச் சத்தியம் பண்ணிக் கொடுத்தா. பிள்ளையின் பிறந்த நாளுக்கு ஒன்பது நாள் இருக்க விண்ணப்பம் போட்டோம். கந்தோர்ப் பெண்பிள்ளை திகதியை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு முத்திரை குத்தினாள்.

பிள்ளை வந்து இறங்கினது அடுத்த தை மாதம். ஒல்லி, கறுவல், அப்பாவின் மூக்கு. இரண்டு வருடம் அந்த இரண்டு அறையில் இருந்தார்கள், பிறகு அவளுடைய படிப்புக்காக வடக்கே பொலோஞ்யாவுக்குப் போய்விட்டார்கள். கண்ணாடிக் கூட்டுக்குள் இப்போது வேறொரு ஆள். நான் சொல்கிற கதையையெல்லாம் அவன் நம்புகிறான், அதனாலேயே அவனோடு கதைக்கப் பிடிக்கவில்லை.

பிள்ளை ஊரிலிருந்து வந்த முதல் ஞாயிறே எங்கே போக வேண்டும் என்று அவளைக் கேட்டோம். சேறு பார்க்க வேண்டும் என்றாள். நான் சோத்துப் பார்சல் கட்டிக்கொண்டு கூடவே போனேன்.

சாம்பல் மேட்டில் ஏறி நின்று சுற்றிப் பார்த்தாள். குனிந்து மண்ணைப் பார்த்தாள். "ஓம், நீலம் கலந்ததுதான்" என்றாள். குமிழிக்குப் பக்கத்தில் குந்தியிருந்து எண்ணினாள். மணந்து பார்த்தாள். பிறகு விரலைச் சேற்றுக்குள் விட்டாள். தோமையாரின் பிள்ளை அல்லவா. "குளிர்தான்" என்றாள். அவர் பள்ளிக்கூடத்தில் கொப்பி காட்டுகிற பிள்ளை மாதிரிப் பக்கத்திலேயே நின்றார்.

"எல்லாம் நீங்கள் சொன்ன மாதிரியே இருக்கு அப்பா. ஒண்டை மட்டும் சொல்லேல்லை."

அவருக்கு முகம் மாறிவிட்டது. "என்னத்தை விட்டனான்?"

அவள் எழும்பி அந்த மொட்டை மேட்டை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள். காற்றைத் தவிர அங்கே ஒன்றுமில்லை.

"இஞ்சை ஒரு சனமும் இல்லையே. இவ்வளவு காலமும் இப்பிடித் தனியாவே நிண்டோ அப்பா என்னோடை கதைச்சனீங்கள்?"

அவரும் திரும்பிச் சுற்றிவரப் பார்த்தார், அந்த இடத்துக்கு அன்றைக்குத்தான் முதல் தரம் வந்தவர் மாதிரி.

"ஓம் பிள்ளை" என்றார். "அதை நான் காணேல்லை."